விசிறியின் டிக் சத்தமும் என் வலது முழங்காலும்

மதிப்பிற்குரிய பத்திரிகாசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மதிப்புரை எழுதும் பெண்ணின் மாமனார், ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், தங்கள் மேசைமேல் உள்ள இயந்திரங்களும் சூடேறாமல், சத்தமில்லாமல், நீடூழி ஓட வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சூடும் சத்தமும் மட்டும் கொஞ்சம் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முன்பின் தெரியாதவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மருமகளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, கால் ஆடினால் எழுத்து ஆடுகிறது என்பதால், துணி தேய்க்கும் மேசையில் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன். அங்கங்கே வரி சாய்ந்திருந்தால் அது நான் ஜன்னல்வரை போய்விட்டு வந்த இடம் என்று கொள்ளவும். மருமகள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டைப் அடிக்கிறாள். இந்த வீட்டில் மூன்று கீபோர்டு மதிப்புரைகள் நடந்து முடிந்ததில் எனக்கும் கொஞ்சம் காது தேறியிருக்கிறது. விடாமல் அடித்தால் அவள் யாரோ வாசகருக்குப் பதில் எழுதுகிறாள். நின்று நின்று அடித்தால் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறாள். இன்று காலையிலிருந்து நின்று நின்றுதான் அடிக்கிறாள். நாளைக்குள் தங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. அது ராஜினாமாவாக இருக்கும் என்பது என் பயம். அது தங்கள் கைக்கு வருமுன் இது வந்துவிட வேண்டும் என்பது என் அவசரம்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கேள்வியைப் படிக்காமல் விடை எழுதக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொன்ன வாய் இது. ஆகவே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி, கம்ப்யூட்டருக்குள் பூட்டிக் குளிர்விக்கும் தன் புதுக் கூலரை மதிப்புரைக்காக அனுப்பியது. மருமகள் அதைப் பூட்டி, ஓட்டி, சூடும் சத்தமும் அளந்து, கூலர் நன்றாகக் குளிர்விக்கிறது, ஆனால் அதன் விசிறி மெதுவாகச் சுற்றும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது, அமைதியான அறையில் இது உயிரை வாங்கும் என்று எழுதினாள். ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பினாள். தாங்கள் வெளியிட்டீர்கள். இரவல் பொருள் என்பதால் கூலரைக் கம்பெனி ஆள் வந்து எடுத்துப் போய்விட்டார். பிறகு கம்பெனியிலிருந்து தங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் சோதனைக் கூடத்தில் அப்படி ஒரு சத்தமே இல்லை, வீட்டிலிருந்து எழுதும் ஒரு பெண்மணி தன் குடும்பத்துச் சத்தத்தை எங்கள் விசிறியின் தலையில் கட்டுகிறார் என்று. தாங்கள் அதை அவளுக்கு அனுப்பி, டிக் சத்தம் கூலருடையதுதான் என்று நாளைக்குள் நிரூபிக்க வேண்டும், இல்லையேல் பத்திரிகை வருத்தம் தெரிவிக்கும், இனிப் பாகங்கள் வேறொருவருக்குப் போகும் என்று எழுதினீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டு வந்தால் நானும் இப்படித்தான் இருவரையும் சாட்சி கேட்பேன்.

அந்தக் கடிதத்தை அவள் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். குரல் மாறவில்லை. தட்டில் போட்டது மட்டும் அப்படியே இருந்தது.

"கேட்டதத்தான் எழுதினேன் மாமா. கேக்காதத எப்படி எழுத முடியும்?"

"ஒருவேளை வேற ஏதாவது சத்தமா இருந்தா?"

"இந்த வீட்ல என்னென்ன சத்தம் வரும், எங்கேர்ந்து வரும்னு எனக்குத் தெரியும் மாமா."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டது. அதற்குத்தான் வருகிறேன், அதற்குள் ஜன்னல்வரை ஒருமுறை போய்விட்டு வருகிறேன்.

அவள் வேலையை நான் முதலில் வேலை என்றே நினைக்கவில்லை. பெட்டி பெட்டியாகச் சாமான் வரும், பிரிப்பாள், பூட்டுவாள், கழற்றுவாள், திருப்பி அனுப்புவாள். பெண் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தது. பிறகுதான் கடையில் முழுக் கம்ப்யூட்டராக வாங்காமல், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தாமே பூட்டிக்கொள்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அவர்கள் எதை நம்பி வாங்குவது என்று இவள் எழுத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பாகங்களையும் வகுப்பறை உதாரணம் வைத்துப் புரிந்துகொண்டேன். பிராசஸர் என்பவன் முதல் பெஞ்சு மாணவன். எல்லாக் கணக்கையும் அவனே போடுவான், போடப் போடத் தலை சூடாகும். கூலர் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஓயாமல் விசிறுகிற அம்மா. பவர் சப்ளை குடும்பத்து அப்பா. நின்றுபோனால்தான் அவர் ஒருத்தர் இருந்தார் என்றே தெரியும். கிராபிக்ஸ் கார்டு வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை. மூன்று பேர் இடத்தில் உட்கார்ந்து, பாதிச் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டு, அப்படியும் கொதித்துக்கொண்டிருப்பார். கேபினட் வாடகை வீடு. அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் அதற்குள் காலந்தள்ள வேண்டும். இதை மருமகளிடம் சொன்னபோது சிரித்து, ஒரு மதிப்புரையில் அம்மா உதாரணத்தைச் சேர்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை உதாரணத்தை வெளியே சொல்லக் கூடாது என்று என் மனைவி தடுத்துவிட்டாள். எங்களுக்கும் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார்.

இந்த வேலைக்காக எங்கள் வீடு என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று தாங்கள் அறிய வேண்டும். சத்தம் அளக்கும் கருவி ஒன்று வைத்திருக்கிறாள். அதற்குப் பாம்புக் காது. அதை மேசையில் வைத்துவிட்டால் வீடு பரீட்சை ஹால் ஆகிவிடும். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவாள். கூடத்துக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுவாள். மின்விசிறி நிற்கும், குழாய் இறுக்கப்படும், மேல்வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்வாள். என் மனைவிக்குத் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்ம வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஃபிரிட்ஜை மாட்ட மறந்து பால் திரிந்திருக்கிறது. பேட்டரியைப் போட மறந்து கடிகாரம் நின்றிருக்கிறது. நானும் மனைவியும் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால்கூடச் சில நாள் கடிகாரம் நின்றிருக்கும். பேட்டரிதான் மட்டம் என்று கடையை மாற்றி மாற்றிப் புதுசு வாங்கி மாட்டியிருக்கிறேன். பேட்டரிக் கடைக்காரர் இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே குனிந்துகொள்கிறார்.

இப்படி அமைதி விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. எனக்கு முடியாது. ஹாலில் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி வந்துவிட்டால் என் கால் தானாக எழுந்துவிடும். முப்பது வருஷமாகப் பரீட்சை மேற்பார்வை பார்த்த கால். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பேன். வெறுங்கால்தானே, சத்தம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப்போல் நம்பிக் கெட்டவன் இல்லை.

போன வாரம், மனம் கிடந்து அடித்துக்கொள்ள, அந்த ஒலிப்பதிவைப் போனில் போட்டுக் கேட்டேன். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. யோசித்தால் நடப்பது வழக்கம் ஆதலால் நடந்தேன். டிக். நின்றேன். சத்தமில்லை. நடந்தேன். டிக். போனைப் பார்த்தேன், அது எப்போதோ ஓடி முடிந்து அணைந்திருந்தது.

இயற்பியல் படித்தவன், ஒரு தடவை கேட்டதும் முடிவுக்கு வரலாமா. மனைவியைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நான் ஒரு சமயம் நடந்தும் ஒரு சமயம் நின்றும் சோதித்தேன். சத்தம் கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சற்று நேரத்தில் கை மேலேயே நின்றுவிட்டது. தூங்கிவிட்டாளோ என்று எழுப்பினேன்.

"ஏங்க, ஒவ்வொரு தடவையும் தூக்கி எறக்க எனக்குத் தெம்பில்ல. நீங்க நடந்தா கேக்குது. நின்னா கேக்கல. போதுமா?"

"எங்கேர்ந்து வருது?"

"உங்க வலது முட்டியிலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து?"

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணமான புதுசுல சுவர்க்கடிகாரம்னு நெனச்சேன். அப்புறம் வீடு மாத்தினோம், கடிகாரம் மாத்தினோம், சத்தம் மட்டும் கூடவே வந்துச்சு."

இந்த ஒரு சாட்சியம் போதும். ஆனாலும் உறவுக்காரர் சாட்சி செல்லாது என்று தாங்கள் சொல்லக் கூடும். ஆகவே கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். பெரிய குடும்பஸ்தன், முன்வழுக்கை. என் கண்ணாடிச் சட்டத்தை முறுக்கிக்கொண்டிருந்தவனிடம், நான் நடந்தால் ஏதாவது கேட்கிறதா என்று பக்குவமாகக் கேட்டேன். அவன் முறுக்குவதை நிறுத்திவிட்டான்.

"சார், இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?"

"என்னடா சொல்ற?"

"பரீட்சை ஹால்ல உங்க முட்டிதான் சார் எங்களுக்குக் காவல். நீங்க எந்த வரிசையில வரீங்கன்னு திரும்பியே பாக்க வேணாம். பூனை தானே மணி கட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்."

"அப்ப நீயும் பாத்து எழுதினியா?"

"நான் எழுதல சார். எழுதினவனுங்க சொல்லக் கேட்டிருக்கேன்."

என் ஹாலில் ஒருவன்கூடக் காப்பியடித்துப் பிடிபட்டதில்லை என்று தலைமையாசிரியர் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார். அதை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி வேறொரு நாள் வருத்தப்பட்டுக்கொள்ளலாம். அந்த மாணவன் சோதித்துக் கொடுத்த கண்ணாடியைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, ஐயா, அந்த டிக் சத்தம் என் வலது முழங்கால். கூலர் குற்றமற்றது. கம்பெனி சொன்னது சரி. தவறு முழுவதும் என்னுடையது. இதைச் சொல்லிவிட்டால் அவள் வேலை பிழைக்கும் என்பதால்தான் இந்தக் கடிதம். அவள் கேட்டது பொய்யில்லை, கேட்ட இடம்தான் தவறு. கணக்கு சரியாகப் போட்ட பிள்ளை, அலகை மாற்றி எழுதிவிட்டால் பூஜ்யமா போடுவோம்?

கொஞ்சம் இருங்கள். வாசல் மணி.

வந்துவிட்டேன். கூரியர்க்காரர். நான் கதவைத் திறப்பதற்குள் அவள் அறையிலிருந்து ஓடிவந்து, என்னை ஒதுக்கிவிட்டு, ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இந்தக் காகிதத்தின்மேல் என் சட்டையைப் போட்டுத் தேய்ப்பதுபோல் பாவனை செய்தேன். தேய்ப்புப் பெட்டியின் பிளக் மாட்டவில்லை என்பதை அவள் கவனித்திருக்க மாட்டாள் என்று நம்புகிறேன். காலிப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். தங்கள் பத்திரிகைக் கருவிகளைக் கட்டித் திருப்பி அனுப்பப் பெட்டி வரவழைத்திருக்கிறாள். உள்ளே ஸ்க்ரூ கழற்றும் சத்தம் கேட்கிறது. சுருக்கமாக முடிக்கப் பார்க்கிறேன்.

அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் முடித்தால் என் மனம் ஆறாது. தங்களுக்கு அவள் எழுத்து தெரியும், குணம் தெரியாது. எனக்கு முழங்கால் வலி வந்தது. வலி என்றுகூட இல்லை, மாடி ஏறினால் ஒரு பிடிப்பு. நான் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. இவளாகவே கவனித்து, இவளாகவே விசாரித்து, முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவர் ஒருவரைப் பிடித்து, செவ்வாயும் வெள்ளியும் காலை வேளையில் வாடகைக் காருக்குச் சொல்லி வாசலில் நிறுத்திவிடுவாள். எனக்குச் சரியாகிவிட்டது அம்மா, இன்று வேண்டாமே என்றால் விட மாட்டாள். "ஒரு நாள்கூட விடக் கூடாது மாமா" என்பாள். என் மனைவி வீட்டில் இருக்கிறேன் என்றாலும் விட மாட்டாள். "மாமாவத் தனியா அனுப்பாதீங்க அத்தை, தொணைக்குப் போங்க" என்று செருப்பை எடுத்து வைப்பாள். மழை கொட்டினாலும் குடையோடு காரில் ஏற்றிவிடுவாள். இனி வர வேண்டியதில்லை என்று மருத்துவரே ஒருமுறை சொல்லிவிட்டார். அவரிடம் போனில் மன்றாடி, இன்னும் சில மாதம் நீட்டிக்க வைத்தாள். நான் பெற்ற பிள்ளை, தன் அப்பனுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு காலையிலேயே ஆபீசுக்குப் போய்விடுகிறான். இவள் வேறு வீட்டிலிருந்து வந்த பெண். சொல்லும்போதே கண் கலங்குகிறது.

அந்த முழங்காலால் அவளுக்குச் சங்கடம் வந்தது இந்தத் தடவை மட்டுமல்ல. இந்தக் கூலர் விஷயத்திலேயே இன்னொரு கூத்து நடந்தது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் ஒரு பேஸ்ட் தடவுவார்கள், சாம்பல் நிறம், சின்ன டியூபில் வரும், சூட்டைக் கடத்துவதற்கு. ரொட்டிக்கும் ரொட்டிக்கும் நடுவில் வெண்ணெய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று வெள்ளிக்கிழமை. அவள் காலையில் அந்தப் பேஸ்ட்டைத் தடவிக் கூலரைப் பூட்டிவிட்டு, டியூபைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். என் முழங்கால் களிம்பும் சின்ன டியூப், அதுவும் அந்த மேசைதான். கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார், மனைவி குடையைத் தேடுகிறாள், நான் அவசரத்தில் எடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். மருத்துவர் வேட்டியை விலக்கிப் பார்த்தால் முழங்கால் வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னுகிறது. அவர் பதறிப்போய், எப்போதிலிருந்து இந்த நிறம் என்று கேட்டு, இன்னொரு மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைய சிகிச்சை நேரம் முழுக்க அந்தப் பேஸ்ட்டைத் துடைப்பதிலேயே போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னதும் மருமகள் திட்டவில்லை. "நல்ல வேளை, நான் பூட்டி முடிச்சுட்டேன். இல்லன்னா உங்க களிம்ப பிராசஸருக்குத் தடவியிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். இப்படிப்பட்ட பொறுமைசாலியை இழக்கலாமா என்று தாங்களே யோசியுங்கள்.

அவள் மேல் உயிரை வைத்திருக்கும் வாசகர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரு தையல்காரர், மகளுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பாகங்கள் வாங்கியவர், எந்த பவர் சப்ளை தீப்பிடிக்காது என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அவருக்கு இவள் எழுதிய பதில் ஒரு பாடம் அளவுக்கு இருந்தது. நான் அவ்வளவு பொறுமையாக எந்தப் பாடமும் நடத்தியதில்லை. அந்த மனிதர் போன்றவர்கள் நாளை யாரைக் கேட்பார்கள்?

ஆகவே தங்களுக்கு என் வேண்டுகோள். அடுத்த இதழில் இப்படி ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்: "சென்ற இதழில் கூலர் விசிறியிலிருந்து வந்ததாகக் குறிப்பிடப்பட்ட சத்தம், மதிப்புரையாளரின் மாமனாருடைய வலது முழங்காலிலிருந்து வந்தது என்று அறிகிறோம். முழங்கால் இதற்கு வருத்தம் தெரிவிக்கிறது." வலது என்ற சொல் விடுபடாமல் பார்த்துக்கொள்ளவும். இடது முழங்கால் எந்த வம்புக்கும் போகாதது. தேவையானால் நானே நேரில் வந்து தங்கள் மேசையைச் சுற்றி நடந்து காட்டவும் தயார். அவளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தங்கள் இல்லத்தில் பெரியவர்கள் நோயின்றியும் சின்னவர்கள் குறைவின்றியும், எல்லாருடைய மூட்டுகளும் ஓசையின்றியும் நெடுங்காலம் இயங்க வேண்டும் என்று என் மனைவியும் நானும் மனமார வாழ்த்துகிறோம். தங்கள் இல்லாளுக்கு எங்கள் அன்பு. தங்கள் கீழ் வேலை செய்வோருக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மதிப்புரையாளரின் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் நம்ப வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், மருமகள் விடவில்லை. இதையே அனுப்புங்கள் என்கிறாள். நடந்ததைச் சொல்கிறேன்.

உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அவள் அறையிலிருந்து வந்து, தேய்க்கும் மேசையில் சட்டைக்கடியில் இருந்த காகிதங்களை எடுத்து, நின்றபடி முழுக்கப் படித்தாள். முதல் பக்கத்தில் சிரித்தாள். முழங்கால் குற்றவாளி என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, இது போயிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். குடும்பத்துச் சத்தம்னுதான அவங்க எழுதினாங்க. அதுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்குறீங்க."

"உண்மையத்தானம்மா சொல்றேன். என் முட்டிலேர்ந்து சத்தம் வருது. உங்க அத்தையக் கேளு."

"முட்டிலேர்ந்து சத்தம் வருது, அத யாரு இல்லன்னா? நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் மாசமே அது தெரியும். அதனாலதான் நீங்க வீட்ல இருக்குறப்ப நான் கணக்குல வர்ற அளவு எடுக்குறதே இல்ல."

"அப்ப ஃபிரிட்ஜ நிறுத்தி, கடிகாரத்த நிறுத்தி, எங்கள மூச்சுவிடாம ஒக்கார வச்சதெல்லாம்?"

"அது மாதிரித் தேர்வு மாமா. ஃபேன் எந்த வேகத்துல எப்படிச் சுத்துதுன்னு பாத்து வச்சுக்குறது. முழு ஆண்டுத் தேர்வு செவ்வாயும் வெள்ளியும்தான்."

ஐயா, நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காலைக்கூட ஆட்டவில்லை. செவ்வாயும் வெள்ளியும். துணைக்குப் போங்க அத்தை. ஒரு நாள்கூட விடக் கூடாது மாமா. திரும்பி வந்தால் நின்றிருக்கும் கடிகாரம். பேட்டரிக் கடைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"அப்ப அந்தக் கூலர அளந்த அன்னிக்கு..."

"நீங்களே எழுதியிருக்கீங்களே மாமா. காலைல பேஸ்ட் தடவிப் பூட்டினேன், நீங்க கார்ல போனீங்க. நீங்க அங்க வெள்ளி முட்டியோட ஒக்காந்திருந்த நேரத்துலதான் நான் இங்க தனியா அளந்தேன். ரெண்டு டாக்டர் சாட்சி."

விடையைத் தாளில் நானே எழுதி வைத்துவிட்டு, விடை தெரியவில்லை என்று அடியில் குறிப்பும் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு தாள் என் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

கூரியரில் வந்தது காலிப் பெட்டியும் இல்லை. அதே கூலர். கம்பெனியிடம் கேட்காமல், எந்த வாசகரும் வாங்குவதுபோலக் கடையிலிருந்து இவளே வரவழைத்திருக்கிறாள். நிரூபிக்கச் சொன்னீர்கள் அல்லவா. காலையிலிருந்து ராஜினாமா அடிக்கவில்லையாம், கூரியர் எங்கே வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கம்பெனிக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாளாம். இன்று வெள்ளிக்கிழமை. வாசலில் கார் நிற்கிறது. என் மனைவி குடையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்ப என் முட்டி மேல அக்கறையே கெடையாதா உனக்கு?" அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கையில் கூடத்துக் கடிகாரத்தின் பேட்டரி இருந்தது.

இந்த வரிகளைக் காரில் மடிமேல் வைத்து எழுதுகிறேன், மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

திரும்பி வந்தபின்: மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டேன். என் முழங்கால் வலி எப்போதோ போய்விட்டதாம். சத்தம் மட்டும் அதன் பிறவிக் குணமாம், அதற்கு மருந்தில்லையாம். பிறகு எதற்கு இத்தனை நாள் என்னை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தீர்கள் என்றால், உங்கள் மருமகள் சொன்ன கேபினட்டில்தான் என் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கட்டினேன், நன்றாக ஓடுகிறது, அவர் சொன்னால் தட்ட முடியவில்லை என்கிறார்.

வீட்டு வாசலில் மருமகள் எங்களை நிறுத்திவிட்டு, போனைக் காதருகே பிடித்தாள். டிக். டிக். டிக். வீட்டில் ஈ எறும்பு இல்லாத நேரத்தில் எடுத்தது. விட்டு விட்டு வரும் என் சத்தம் மாதிரி இல்லை. நல்ல ராணுவ நடை. ஒலிப்பதிவையும், விசிறியின் மையத்தில் ஒரு சின்ன வளையம் தளர்ந்திருப்பதைக் காட்டும் படத்தையும் இத்துடன் அனுப்புகிறாள். கூலர் குற்றவாளி. என் முழங்கால் விடுதலை. திருத்தம் எதுவும் போட வேண்டாம்.

உள்ளே வந்ததும் அவள் கடிகாரத்தில் பேட்டரியை மாட்டினாள். ஃபிரிட்ஜை மறந்துவிட்டாள், என் மனைவி போய் மாட்டினாள். நான் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன். கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே.

"என்ன மாமா, வருத்தமா?"

"வருத்தம் ஒண்ணுமில்ல. சும்மா நடக்குறேன்."

அவள் மேசையிலிருந்த ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டுச் சொன்னாள்.

"சத்தம் போடுற பாகத்த எல்லாம் நான் ஒரே வாரத்துல திருப்பி அனுப்பிடுவேன். உங்கள வீட்லதான வச்சிருக்கேன்?"

செவ்வாய்க்கிழமை ஒரு பவர் சப்ளை வருகிறதாம். காருக்கு நானே சொல்லிவிட்டேன்.